சின்னத்தாய் அப்பிராணி இல்லை

திருப்பூரில் ஒருவரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் அவரை அப்பிராணி ஆக்கிவிட வேண்டும். "அது அப்பிராணிங்க, ஒன்னுந் தெரியாதுங்க" என்று நாலு பேர் சொல்லிவிட்டால் போதும், முதலாளியும் விட்டுவிடுவார், போலீஸும் விட்டுவிடும். காப்பாற்றப்பட்டவர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கக் கூடாது. நிபந்தனை அது ஒன்றுதான். சின்னத்தாய்க்கு வாய்த்ததே வாய்தான்.

அவர் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊரில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் கட்டையில் குச்சி அடுக்கினார். அங்கே ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பிள்ளைகளை அதட்டுவது அவர் வேலை. அவர் வெளியே போனதும் சின்னத்தாய் நாக்கைக் கன்னத்தில் முட்டுக்கொடுத்து அதே அதட்டலைப் போடுவார். பிள்ளைகள் தலை நிமிராமல் வேகவேகமாக அடுக்கும். சிரிக்க வைப்பதற்காக அதைச் செய்யவில்லையாம். எல்லாரும் பயப்படுகிற குரல் தன் தொண்டையிலிருந்தும் வருகிறதே என்ற ஆச்சரியத்தில் செய்தாராம். அந்த ஆச்சரியம் நாற்பது வயதிலும் அவருக்குத் தீரவில்லை.

இசக்கிமுத்து என்ற டெய்லரைக் கட்டிக்கொண்டு தொண்ணூறுகளின் நடுவில் திருப்பூர் வந்தார். நல்லூரில் வீடு தேடினார்கள். கொங்கு நாட்டில் மரியாதை குறையாமல்தான் கதவைச் சாத்துவார்கள். "எந்த ஊருங்க?" என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால், "எந்த ஆளுங்க நீங்க?" என்று கேட்பார்கள். அதற்கும் பதில் சொன்னால், "அடடா, இப்பத்தான் ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டேனுங்க. தண்ணி கிண்ணி குடிக்கறீங்களா?" என்பார்கள். தண்ணீரும் பிளாஸ்டிக் மக்கில்தான் வரும்.

நாலைந்து வாசல் ஏறி இறங்கியதில் சின்னத்தாய்க்கு வீடு கிடைக்கவில்லை, பாஷை கிடைத்துவிட்டது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து கமலாம்பாள் என்ற வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க அக்கா, ஊடு காலியா இருக்குதுங்களாமா? நாங்க குன்னத்தூருங்க. ஊட்டுக்காரரு டெய்லருங்க."

"வாங்க கண்ணு, சாமான எடுத்துக்கிட்டே வந்துருங்க" என்றார் கமலாம்பாள்.

சாமான் எல்லாம் உள்ளே போன பிறகுதான் கமலாம்பாள் வந்து பார்த்தார். கறுத்த ஒரு பெண் வாசலில் நின்று, "ஏங்க, அந்தப் பானைய மெதுவா வைங்க" என்று புருசனிடம் தெற்கத்தித் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போன்ல பேசினது யாருங்க?"

"நாந்தான்க்கா."

"குன்னத்தூருன்னீங்க?"

"எங்க ஊருப் பக்கத்துலயும் ஒரு குன்னத்தூர் இருக்குக்கா."

கமலாம்பாளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அடுத்தவர் பானையை வெளியே தூக்கிப் போட்டுப் பழக்கமில்லாதவர். அந்த வீட்டில்தான் சின்னத்தாய் பத்துப் பன்னிரண்டு வருசமாகக் குடியிருந்தார்.

வேலை பார்த்த இடம் நல்லூரிலேயே இருந்த தெய்வாத்தாள் நிட்ஸ். கிட்டுசாமி என்பவர் தன் அம்மா பெயரில் நடத்திய பனியன் கம்பெனி. தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, பிசிறு பார்க்கும் செக்கிங் மேசையில் சின்னத்தாய் நின்றார். கிட்டுசாமி யாரையும் ஒருமையில் பேச மாட்டார். "ஏனுங்க கண்ணு, கண்ணு ரண்டும் எடத்துலதான் இருக்குதுங்களா, இல்ல ஊட்டுலயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்பார். திட்டு வாங்கியவர் அழுதுகொண்டே நன்றி சொல்ல வேண்டியதுபோல் இருக்கும். அவருடைய ஆயுதம் மாடி ஆபீசில் இருந்த மைக். கீழே நாலு மூலையிலும் ஸ்பீக்கர். பேசும் முன் மைக்கில் ரெண்டு தடவை ஊதுவார்.

ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது ஸ்பீக்கர் ஊதியது. "டீ குடிக்கறவங்க பொறுமையாக் குடிங்க கண்ணு. பத்து நிமிசம் சேத்தி எடுத்துக்கோங்க. மிசினு எங்கயும் ஓடிப் போயராது." கம்பெனி மொத்தமும் உட்கார்ந்து டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தது. மேனேஜர் டேனியலும் குடித்தார். சின்னத்தாய் மாடிப்படி இறங்கி வந்தபோதுதான் எல்லாருக்கும் விளங்கியது. பிறகு விசயம் தெரிந்து கிட்டுசாமியும் சிரித்தார். சிரித்தாலும் மறக்கவில்லை.

டேனியல் எனக்குச் சித்தப்பா. இரண்டாயிரத்து ஏழில் நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் இருந்தேன். "சும்மாதான கண்ணு இருக்கற, பையரம்மா வருது, வந்து இங்கிலீசுல பேசிக் குடு" என்று கூப்பிட்டார். பையரம்மா என்றால் துணி வாங்கும் வெள்ளைக்காரப் பெண்மணி. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. கம்பெனியில் யாரும் அதைச் சொல்லிப் பார்க்கவில்லை.

பையரம்மா கொடுத்திருந்த ஆர்டர் குழந்தைகளுக்கான நீல டி-சர்ட். நெஞ்சில் ஒரு சின்னப் பறவை, சாம்பல் நிறம், அலகைத் திறந்தபடி. அவர்கள் நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கும் பழைய நாவல் ஒன்று உண்டாம். தோல் கறுப்பு என்பதற்காகவே, செய்யாத குற்றத்துக்கு ஒருவரைத் தண்டிக்கிற கதை. மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் எடுத்துப் பாடிக்கொண்டு, யாருக்கும் கெடுதல் செய்யாமல் திரிகிற பறவை இது. குற்றமற்றவர்களுக்கு அது அடையாளமாம். இதையெல்லாம் நான் தமிழில் சொல்லி முடித்ததும் கிட்டுசாமி கேட்டார்.

"அப்பிராணிப் பறவைங்கறீங்க?"

"அப்படித்தான்."

"அப்பிராணின்னா வெள்ளையா இருக்கோணுமல்லங்க? பாலு வெள்ளை. புறா வெள்ளை. இதென்னங்க, சீக்கு வந்த காக்காயாட்டம்? அதும் வாயப் பொளந்துக்கிட்டு. கொழந்தைங்க போடற துணிங்க."

பையரம்மா சாம்பல்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். கிட்டுசாமி ஒரு நல்லெண்ணத்தில் ஆர்டருக்குச் சாம்பல் பறவையும், கூடவே அதே அளவு துணிக்கு அலகை மூடிய வெள்ளைப் புறாவும் அடித்து வைத்தார். கறுப்பாகப் பிறந்ததற்காகத் தண்டிக்கப்பட்டவனின் அடையாளத்தை அவர் வெளுத்து, வாயையும் மூடிவிட்டார். தனக்குத் தெரியாமலே அந்த நாவலை அவர் ஒருவர்தான் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. உலகத்தில் நடப்பது அதுதானே.

சரக்கு அனுப்பும் வாரத்தில் பையரம்மா திரும்பி வந்து ஒரு பெட்டியைப் பிரித்தார். வெள்ளைப் புறா. இன்னொன்றைப் பிரித்தார். வெள்ளைப் புறா. சாம்பல் பறவைகள் மூலையில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தன. யார் மாற்றச் சொன்னது என்று கேட்டார். பேக்கிங்காரர்கள், மைக்கில் ஓனர் சொன்னார் என்றார்கள்.

கிட்டுசாமி ஒரு கணம் கூரையைப் பார்த்தார்.

"நான் சொல்லலீங்க. என்ர குரல்ல பேசறதுக்கு இங்க ஒரு பொம்பள இருக்குதுங்க. தெக்கத்தி ஆளு. முன்னயும் ஒருக்கா மைக்குல பேசி எல்லாத்தையும் டீ குடிக்க உக்கார வெச்சுதுங்க. அந்தப் பக்கத்து ஆளுகளே கொஞ்சம் அப்படித்தானுங்க, பாத்துத்தான் வெச்சுக்கோணும்."

அவருடைய மகன் பிரதீப் பக்கத்தில் நின்று தலையாட்டினார். பிரதீப்புக்கு இருபத்தெட்டு வயது. வண்டியை எங்கே கொண்டுபோய் மோதினாலும், எந்த ஆர்டரைத் தொலைத்தாலும், "அவன் கொழந்தைங்க" என்பார் கிட்டுசாமி. அந்தக் கம்பெனியில் பதினாறு வயதுப் பெண்கள் 'பெரிய மனுசி மாதிரி வேலை பாக்கோணும்'. குழந்தை பிரதீப் ஒருவர்தான்.

பையரம்மா நியாயமானவர். அந்தப் பெண்ணையும் கேட்க வேண்டும் என்றார்.

"கேக்கறது என்னங்க, பேசிக் காட்டச் சொல்லுங்க. அப்படியே என்னாட்ட வரும்" என்றார் கிட்டுசாமி.

பேசிக் காட்டுவதற்கு முன் சின்னத்தாய்க்குப் பத்து நிமிசம் கிடைத்தது. வேலை போவது அங்கே பெரிய விசயமில்லை. கம்பெனிக்குக் கம்பெனி 'ஆட்கள் தேவை' பலகை தொங்குகிற ஊர். ஆனால் முதலாளி குரலில் பேசிச் சரக்கை மாற்றினவள் என்று கிட்டுசாமி நாலு பேருக்குப் போன் போட்டால் நல்லூரில் எந்தக் கம்பெனிக் கதவும் திறக்காது. கமலாம்பாளுக்கும், தான் முதலிலேயே நினைத்தது சரிதான் என்று தோன்றிவிடும்.

சித்தப்பா அவரைப் பெட்டிகளுக்குப் பின்னால் கூட்டிப்போனார். நல்ல மனிதர், யோசனையும் நல்ல யோசனைதான்.

"கேவலமாப் பேசுங்கம்மா. குரலே வராத மாதிரி. அப்பத்தான் நீங்க இல்லைன்னு ஆகும். ஓனர் குரலு உங்களுக்கு வராதுன்னு நான் சொல்லிக்கறேன். அந்த டீ விசயம் சும்மா கட்டுக்கதைன்னு சொல்லிரலாம்."

"நீங்களும் உக்காந்து டீ குடிச்சீகளே சார்."

"அத உடுங்க. ஒன்னுந் தெரியாத மாதிரி நில்லுங்க. ரண்டு சொட்டு அழுதா இன்னும் நல்லது. அப்பிராணின்னு உட்டுருவாங்க."

"நான் என்னத்துக்கு சார் அழணும்? பொய் சொன்னவரு மீசையத் தடவிக்கிட்டு நிக்காரு."

"சின்னத்தாய், கெஞ்சிக் கேக்கறேன். ஒருக்கா மோசமாப் பேசிப் பாருங்க."

சின்னத்தாய் கண்ணை மூடிக்கொண்டு முயன்றார். "ஏனுங்க கண்ணு..." என்றார். பக்கத்தில் நூல் வெட்டிக்கொண்டிருந்த பெண் பதறிப்போய் எழுந்து நின்றாள். இன்னொரு தடவை முயன்றார். அது இன்னும் நன்றாக வந்தது.

"கெட்டதா வரமாட்டேங்கு சார்" என்றார் சின்னத்தாய். உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஒரு துணியில் கறையைப் பார்த்துவிட்டால் பார்க்காததுபோல் தள்ளிவிட முடியாதவர், தானே ஒரு கறையை எப்படி உண்டாக்குவார்?

மெஷின்களை எல்லாம் நிறுத்தினார்கள். எண்பது தொண்ணூறு பேர் இருந்த இடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மைக்கைக் கீழே கொண்டுவந்து கொடுத்தார்கள். சின்னத்தாய் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தோளைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, வயிற்றை முன்னால் விட்டார். இல்லாத தொந்தி ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது. ரெண்டு தடவை ஊதினார்.

"அலோ. பேக்கிங்ல இருக்கறவங்க கேட்டுக்கோங்க. வெள்ளக் குருவியவே பொட்டி போட்டுருங்க. சாம்பக் குருவிய மூலையில தள்ளி மூடி வெச்சிருங்க. ஏனுங்க கண்ணு, காது கேக்குதுங்களா?"

கிட்டுசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா! நானேதானுங்க! அப்படியே நானேதான்!" என்று பையரம்மாவிடம் கையை விரித்தார். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

சின்னத்தாய் மைக்கைக் கீழே வைக்கவில்லை. நாற்காலி கிறீச்சிடும் சத்தம் ஒன்று வந்தது. அதையும் அவர்தான் போட்டார். பிறகு அதே குரல், தணிந்து, தூரத்தில் பேசுவதுபோல்.

"வெள்ளக்காரிக்கு என்னடா தெரியப்போவுது. கொழந்தைங்க துணி. குருவின்னா குருவி."

அடுத்து இன்னொரு குரல், நெளிந்துகொண்டு: "அப்பா, அந்தம்மா சாம்பல்னுதான சொல்லிட்டுப் போச்சுங்க."

"சொல்லுவாங்க. பொட்டிய ஒட்டி அனுப்பிச்சாப் பொறவு என்ன பண்ணுவாங்க? நீ போயி ரண்டு டீ சொல்லு."

அன்றைக்கு மைக்கை அணைக்க மறந்து அப்பாவும் மகனும் பேசிய பேச்சு அது. கம்பெனி மொத்தமும் கேட்டிருந்தது. ஆனால் விசாரணை என்று வந்தபோது எல்லாருக்கும் காது அடைத்துவிட்டது. இப்போது முதலில் அயர்ன் மேசையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடுத்து ஓவர்லாக் மெஷின் வரிசை. அடக்க அடக்க அது பரவியது. அந்தச் சிரிப்பில்தான், எல்லாரும் அதைக் கேட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

கிட்டுசாமி சமாளித்துவிடுவார் என்றே நினைத்தேன். "இதும் அந்தப் பொம்பள கட்டிப் பேசறதுங்க" என்று சொல்லியிருந்தால் யார் மறுத்திருப்பார்கள்? வாயைத் திறந்தும்விட்டார். அதற்குள் பிரதீப் கத்தினார்.

"அப்பவே மைக்க அமத்துங்கன்னு சொன்னேனல்லங்கப்பா!"

குழந்தைகள் பொய் சொல்லாது என்பது கொங்கு நாட்டில் அன்றைக்கு ஒருநாள் நிரூபணமானது.

என்ன பேசினார்கள் என்று பையரம்மா என்னைக் கேட்டார். ஒரு சொல் விடாமல் சொன்னேன். 'வெள்ளக்காரிக்கு' என்ற இடத்தில் கொஞ்சம் நிதானித்து, அதையும் சொன்னேன். சாம்பல் பறவையைத்தான் பெட்டி போட வேண்டும், இனி ஒருதரம் இப்படி நடந்தால் ஆர்டரே கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார். கிட்டுசாமி, "தப்பு நடந்துபோச்சுங்க" என்றார். நடந்ததாம். நடத்தியவர் யாரும் இல்லை.

விசயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். பையரம்மா நல்லவராக இருந்ததால் முடியவில்லை. சின்னத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பறவையே நீதான், எல்லார் குரலிலும் பாடுகிறாய், ஒரு பாவமும் அறியாதவள் என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"அந்தக் கதைல குருவி என்ன ஆவுதாம்?" என்று சின்னத்தாய் கேட்டார்.

பறவை கதையில் வராது, பேச்சில்தான் வரும், குற்றம் செய்யாத மனிதனுக்கு உவமை என்றார் பையரம்மா.

"அந்த மனுசன்?"

செத்துப்போய்விடுவான் என்றார்.

"ஆளு செத்துட்டான், குருவி சட்டைக்கு வந்துட்டு" என்றார் சின்னத்தாய்.

இதையும் மொழிபெயர்த்தேன். பையரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு அழகாகச் சொல்கிறாள் என்றார். எட்டு வயதுப் பிள்ளைக்கான டி-சர்ட் ஒன்றைச் சின்னத்தாய் கையில் கொடுத்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லி, போட்டோ எடுத்தார். சின்னத்தாய் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். படம் அசைகிறது, வாயை மட்டும் கொஞ்சம் மூடச் சொல்லு என்றார் பையரம்மா என்னிடம்.

அந்தப் போட்டோ ஒரு மாதத்தில் கம்பெனிக்கு வந்தது. கிட்டுசாமி அதற்குச் சட்டம் போட்டு மாடி ஆபீசில், அவருடைய அம்மா படத்துக்குக் கீழே மாட்டினார். வருகிற பையர்களிடம் இங்கிலீசில் சொன்னார். "திஸ் லேடி, இன்னொசென்ட்." வருகிற உறவுக்காரர்களிடம் தமிழில் சொன்னார். "அப்பிராணிங்க. தெக்க இருந்து பொழைக்க வந்தது. மேல பழி விழுந்துபோச்சு. நாந்தானுங்க வெச்சுக் காப்பாத்திட்டிருக்கேன்." பழி எங்கிருந்து விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. மழை மாதிரி விழுந்தது என்று எடுத்துக்கொண்டார்கள்.

வருகிறவர்கள் செக்கிங் மேசைக்கு வந்து சின்னத்தாயைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "அக்கா, நீங்க ரொம்பப் பாவமாமே?" என்று கேட்டு, தன் டிபனிலிருந்து ஒரு இட்லியை எடுத்து வைத்தாள். சின்னத்தாய் யார் குரலிலாவது பேசினால், முன்பு விழுந்து விழுந்து சிரித்தவர்கள் இப்போது, "ஐயோ பாவம், மனசுக்குள்ள என்ன கஷ்டமோ" என்று முகம் வாடினார்கள். குற்றவாளியாக இருந்தபோதுகூட அவர் பேச்சை எல்லாரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

அவர் மாடி ஏறிப் போனார். நான் அப்போது அங்கே சித்தப்பாவின் மேசையருகில் உட்கார்ந்திருந்தேன்.

"முதலாளி, அந்தப் போட்டோவ எறக்கிருங்க."

"ஏனுங்கம்மா, உங்களுக்குப் பெருமைதானுங்களே."

"ஒண்ணும் பண்ணாதவள்னு எல்லாத்துட்டயும் சொல்லுதீகளாம்."

"நீங்க ஒன்னும் பண்ணலைங்களே? நானே ஒத்துக்கிட்டேனுங்களே!"

"பண்ணினேன். இத்தன பேருக்கு முன்னால ஒங்கள ஒங்க வாயாலயே மாட்டிவிட்டேன். அது தானா நடந்துச்சா?"

கிட்டுசாமி சிரித்தார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சின்னத்தாய் அங்கேயே இன்னும் பத்து வருசம் வேலை பார்த்திருப்பார்.

"உங்களுக்கு அதெல்லாந் தெரியாதுங்கம்மா" என்றார். "போயி வேலையப் பாருங்க."

சனிக்கிழமையோடு சின்னத்தாய் வேலையிலிருந்து நின்றுகொண்டார். இசக்கிமுத்து மட்டும், "இத்தன வருசம் பாத்த கம்பெனி, யோசிச்சுக்கோ" என்றார். திங்கட்கிழமை, ரெண்டு தெரு தள்ளி வேறொரு கம்பெனியின் கேட் முன்னால் சின்னத்தாய் நின்றார். என்ன ஆகிறதென்று பார்க்க நானும் கூடப் போயிருந்தேன்.

அங்கே செக்கிங் சூப்பர்வைசர் நல்லம்மாள். மூக்கால் பேசுகிறவர். ஒவ்வொரு 'ங்க'வும் மூக்கு வழியாக வெளியே வந்து, கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கும். அவர் சின்னத்தாயை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க பழைய ஓனரு காலையிலயே போன் பண்ணிச் சொன்னாருங்க. நல்ல பொம்பளையாமா. ரொம்ப அப்பிராணியாமா. யாராச்சும் நாலு வார்த்த சொன்னாக்கூடத் திருப்பிப் பேசத் தெரியாதாமுங்க. பாத்துக்கங்கன்னாருங்க."

எந்தப் போனுக்குச் சின்னத்தாய் பயந்தாரோ அந்தப் போன் வந்தேவிட்டது. மேசையைச் சுற்றி இருந்த பெண்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒருத்தி உட்கார ஸ்டூலை நகர்த்தினாள்.

சின்னத்தாய் உட்காரவில்லை. நல்லம்மாள் பேசி முடிக்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அந்த அஞ்சு வாக்கியத்தையும், அதே வரிசையில், அதே மூக்கோடு திருப்பிச் சொன்னார். கடைசி 'ங்க' நல்லம்மாளுடையதைவிட ஒரு அடி அதிகமாகப் போய் நின்றது.

ஸ்டூலை நகர்த்தியவள் அதன்மேல் தானே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மேசையில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் துணியை விட்டுவிட்டார்கள். நல்லம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது.

"ஆருங்க இந்தப் பொம்பளைய அப்பிராணின்னு சொன்னது?" என்று கத்தினார். "இத என்ர கண்ணு முன்னாடியே போடுங்க. தள்ளி நிக்க உட்டா நம்ம எல்லாத்தையும் வித்துப்போடும்."

சின்னத்தாய் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நல்லம்மாளுக்கு நேர் எதிரே போய் நின்று, முதல் துணியை எடுத்து விரித்தார்.